கடலூர், புதுச்சேரி மாணவர்களுக்கு: கல்லூரியில் வலைத்தள வடிவமைப்பும் உருவாக்கமும் படிக்க முழுமையான வழிகாட்டி

பிளஸ் 2 முடித்துவிட்டு, "வெப் டிசைனிங்" என்ற பெயரிலேயே ஒரு பட்டப்படிப்பு கிடைக்குமா என்று தேடும் மாணவர், கடலூர் மாவட்டத்திலும் புதுச்சேரியிலும் உள்ள பெரும்பாலான கல்லூரிகளின் சேர்க்கைப் பட்டியலில் அதைக் காண மாட்டார். அந்தப் படிப்பு பி.சி.ஏ., பி.எஸ்சி. கணினி அறிவியல், பி.டெக். தகவல் தொழில்நுட்பம் போன்ற பட்டங்களுக்குள் ஒன்றிரண்டு தாள்களாகவும் ஓர் ஆய்வக வகுப்பாகவும் அடங்கியிருக்கிறது. ஆகவே பட்டத்தின் பெயரையும் கல்லூரியின் விளம்பரத் தட்டியையும் பார்த்து முடிவெடுப்பவர்கள் மூன்றாண்டு கழித்து ஏமாற வாய்ப்புண்டு. அந்த ஒன்றிரண்டு தாள்களில் என்ன இருக்கிறது, ஆய்வகத்திற்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் கொடுக்கிறார்கள் என்று பார்த்துச் சேருங்கள் என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை ஆலோசனை.

முதல் படி: வடிவமைப்பா, உருவாக்கமா?

இரண்டையும் ஒன்றாகச் சொல்லிப் பழகிவிட்டோம். வேலையில் இவை வேறு வேறு. வடிவமைப்பாளர் பக்கத்தின் அமைப்பு, எழுத்துரு, நிறம், பயன்படுத்துபவர் எங்கே தடுமாறுவார் என்பவற்றைத் தீர்மானிக்கிறார். ஃபிக்மா போன்ற கருவியில் வரைந்து காட்டுகிறார். உருவாக்குநர் அந்த வரைவை உள்ளடக்கத்தைக் குறிக்கும் எச்.டி.எம்.எல்., தோற்றத்தைத் தீர்மானிக்கும் சி.எஸ்.எஸ்., செயல்பாட்டைத் தரும் ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவை கொண்டு உலாவியில் இயங்கச் செய்கிறார். அதை ஃப்ரன்ட் எண்ட் என்கிறோம். தகவலைச் சேமித்து, சரிபார்த்து, திருப்பித் தரும் சர்வர் (தளத்தை வைத்து வழங்கும் கணினி) பக்கத்து வேலை பேக் எண்ட். சிறிய ஊர்களில் ஒருவரே மூன்றையும் செய்ய நேரிடும் என்பதால் எல்லாவற்றிலும் அடிப்படை தேவை. ஆனால் மனம் எதில் ஒன்றுகிறது என்பதைச் சேருமுன்பே கண்டுகொள்வது நல்லது.

அதற்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டு மேல்நிலைப் பாடநூல்களில் 11ஆம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் நூலில் எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் பாடங்களும், 12ஆம் வகுப்பு நூலில் சர்வரில் இயங்கும் பி.எச்.பி. மொழிப் பாடங்களும் தமிழிலேயே இருக்கின்றன. வணிகவியல் பிரிவு மாணவர்களுக்கான நூல் என்று அறிவியல் பிரிவினர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை. பார்க்க வேண்டிய நூல் அது. தேர்வு முடிந்து கல்லூரி திறக்கும் வரையிலான இடைவெளியில், நோட்பேடும் ஓர் உலாவியும் மட்டும் வைத்துக்கொண்டு உங்கள் தெருவில் உள்ள ஒரு கடைக்கு ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். நிறத்தையும் இடைவெளியையும் திரும்பத் திரும்பத் திருத்துவதில் பொழுது போனதே தெரியவில்லையா, அல்லது பொத்தானை அழுத்தினால் கணக்கு சரியாக வரவேண்டும் என்பதில் ஆர்வம் பிறந்ததா என்பது அப்போது தெரிந்துவிடும்.

இரண்டாம் படி: எந்த வாசல் வழியாக நுழைவது?

பத்தாம் வகுப்போடு வருபவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. தொழிற்பயிற்சி நிலையங்களில் நடத்தப்படும் கோபா என்ற ஓராண்டுக் கணினி இயக்குநர் பிரிவில் வலைப்பக்க உருவாக்கத்தின் தொடக்கம் இருக்கிறது. பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு டிப்ளமோ படித்தால் அதன்பின் பொறியியல் பட்டத்தின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். புதுச்சேரி லாஸ்பேட்டையில் மோதிலால் நேரு அரசு பாலிடெக்னிக்கும் மகளிர் பாலிடெக்னிக்கும் உள்ளன. குடும்பச் சூழலால் சீக்கிரம் சம்பாதிக்க வேண்டியவர்களுக்கு டிப்ளமோவைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன், ஏனெனில் அதில் செய்முறை வகுப்பின் பங்கு அதிகம்.

பிளஸ் 2 முடித்தவர்களுக்குக் கடலூரில் தேவனாம்பட்டினத்தில் இருக்கும் பெரியார் அரசு கலைக் கல்லூரி, மஞ்சக்குப்பத்தில் உள்ள தூய வளனார் கல்லூரி, விருத்தாசலத்தில் திரு கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரி, சிதம்பரத்தில் 1929இல் தொடங்கப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஆகியவை கண்ணெதிரே உள்ளன. புதுச்சேரியில் தாகூர் அரசு கலை அறிவியல் கல்லூரி, பெண்களுக்குப் பாரதிதாசன் அரசு மகளிர் கல்லூரி, கதிர்காமத்தில் இந்திரா காந்தி அரசு கலைக் கல்லூரி ஆகியவை உண்டு. பொறியியல் வழியில் போக விரும்புவோருக்குப் பிள்ளைச்சாவடியில் உள்ள புதுவைத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும், பண்ருட்டியில் உள்ள அண்ணா பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரியும் உள்ளன. இவை ஒவ்வொன்றிலும் எந்தெந்தக் கணினிப் பிரிவுகள் அந்த ஆண்டு நடக்கின்றன என்பதை அந்த ஆண்டின் சேர்க்கை அறிவிப்பில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

பி.சி.ஏ.வா, பி.எஸ்சி.யா என்ற குழப்பம் எல்லோருக்கும் வரும். பொதுவாக பி.சி.ஏ.வில் மென்பொருள் பயன்பாட்டுத் தாள்களும் பி.எஸ்சி.யில் கணிதம் சார்ந்த தாள்களும் சற்றுக் கூடுதலாக இருக்கும். வலைத்தள வேலைக்கு இரண்டும் போதுமானவை. 12ஆம் வகுப்பில் கணிதம் அல்லது வணிகக் கணிதம் படித்திருக்க வேண்டும் என்று கேட்கும் கல்லூரிகள் உண்டு என்பதால் தகுதி விதியை முதலில் படியுங்கள். 2024-25 முதல் பி.சி.ஏ. படிப்பும் தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யின் ஒப்புதலின் கீழ் வந்துவிட்டது. தனியார் கல்லூரியில் பி.சி.ஏ. சேர்வதானால் அந்த ஒப்புதல் கடிதத்தைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

கால அளவிலும் ஒரு வேறுபாடு இருக்கிறது. தமிழ்நாட்டில் இளநிலைக் கலை அறிவியல் பட்டம் மூன்றாண்டு. புதுவைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளில் தேசியக் கல்விக் கொள்கையின்படி, மூன்றாம் ஆண்டு முடிவில் பட்டத்தோடு வெளியேறலாம், நான்காம் ஆண்டும் படித்தால் ஹானர்ஸ் பட்டம் பெறலாம் என்ற அமைப்பு 2023-24 முதல் நடைமுறைக்கு வந்தது.

மூன்றாம் படி: பாடத்திட்டத்தைப் படியுங்கள்

இங்கேதான் நிதானம் வேண்டும். கடலூர் மாவட்டத்துக் கலை அறிவியல் கல்லூரிகள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இணைப்பில் உள்ளன. புதுச்சேரிக் கல்லூரிகள் புதுவைப் பல்கலைக்கழகத்தின் இணைப்பில் உள்ளன. தன்னாட்சிக் கல்லூரிகள் தங்கள் பாடத்திட்டத்தைத் தாமே வகுக்கின்றன. எந்தக் கல்லூரியானாலும் அதன் பாடத்திட்டம் இணையத்தில் பி.டி.எஃப். கோப்பாகக் கிடைக்கும், கிடைக்காவிட்டால் துறை அலுவலகத்தில் கேட்டால் காட்டுவார்கள். அதில் "வெப் டெக்னாலஜி", "இன்டர்நெட் புரோகிராமிங்", "வெப் டிசைனிங்" என்று ஏதேனும் ஒரு பெயரில் இருக்கும் தாளைத் தேடி எடுத்து, அதன் ஐந்து அலகுகளையும் வரிவரியாகப் படியுங்கள்.

பாடத்திட்டத்தின் முகப்பில் எந்த ஆண்டு அச்சிட்டிருந்தாலும் உள்ளே இருப்பவையே அதன் வயதைச் சொல்லும். ஃபான்ட் டேக், ஃப்ரேம்செட், மார்க்கீ ஆகிய எச்.டி.எம்.எல். குறிகள் பெரிய இடத்தைப் பிடித்திருந்தால் அந்தத் தாள் பழையது. 2014 அக்டோபரில் தரமாக அறிவிக்கப்பட்ட எச்.டி.எம்.எல். 5இல் இவற்றுக்கு இடமில்லை. வலைப்பக்கத்துக்குள் ஓடும் சிறு நிரலான ஜாவா ஆப்லெட் ஓர் அலகு முழுக்க வந்தால், இன்றைய உலாவிகள் எதுவும் இயக்காத ஒன்றை ஒரு மாதம் படிக்கப் போகிறீர்கள் என்று பொருள். அசைவூட்டத்துக்குப் பயன்பட்ட ஃபிளாஷின் பெயர் இருந்தால் இன்னும் மோசம். அடோபி நிறுவனமே 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டது.

மாறாக, உள்ளடக்கத்தின் பொருளைச் சொல்லும் செமான்டிக் குறிகள், பக்கத்தின் பகுதிகளை அடுக்கும் ஃபிளெக்ஸ்பாக்ஸ், 2017இல் பெரிய உலாவிகள் அனைத்திலும் வந்துசேர்ந்த கிரிட், கைப்பேசித் திரைக்கேற்பப் பக்கத்தை மாற்றும் மீடியா குவெரி, ஜாவாஸ்கிரிப்ட் பக்கத்தை மாற்ற உதவும் டி.ஓ.எம்., தரவைப் பரிமாறும் ஜேசன் வடிவம், தரவுத்தளம், பயனரை நினைவில் வைக்கும் செஷன், கடவுச்சொல்லை அப்படியே வைக்காமல் ஹாஷ் செய்து (திருப்பிப் படிக்க முடியாதபடி மாற்றி) சேமித்தல், படிவத்தின் வழியே தரவுத்தளத்துக்குள் கட்டளையை நுழைக்கும் எஸ்.க்யூ.எல். இன்ஜெக்‌ஷனைத் தடுத்தல், நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் ஆகியவற்றில் பாதிக்கு மேல் ஏதேனும் ஒரு தாளில் வந்துவிட்டால் அது நல்ல பாடத்திட்டம். ரியாக்ட் போன்ற, ஆயத்த நிரல் கட்டமைப்பான ஃப்ரேம்வொர்க்கின் பெயர் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். அவை மாறிக்கொண்டே இருப்பவை; ஜாவாஸ்கிரிப்ட் நன்கு தெரிந்தவர் அவற்றை விடுமுறையில் கற்றுக்கொள்வார்.

அடுத்து அந்தத் தாளுக்கு எதிரே போட்டிருக்கும் மணி நேரத்தைப் பாருங்கள். கருத்தியல் வகுப்பு வாரம் ஐந்து மணி, ஆய்வகம் இரண்டு மணி என்றால் ரெக்கார்டு நோட்டு நிறையும், கை பழகாது. ஆய்வகத்திற்கு நான்கு மணி நேரமாவது இருக்க வேண்டும் என்பது என் கருத்து. அந்தத் தாள் எந்த செமஸ்டரில் வருகிறது என்பதும் முக்கியம். ஐந்தாம் செமஸ்டரில் முதன்முதலாக எச்.டி.எம்.எல். பார்ப்பவருக்கு ஆறாம் செமஸ்டர் புராஜெக்டுக்குள் கற்றுத் தேற நேரம் இருக்காது. இரண்டாம் அல்லது மூன்றாம் செமஸ்டரிலேயே அதை வைத்திருக்கும் கல்லூரிக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுங்கள்.

நான்காம் படி: நேரில் போய்ப் பாருங்கள்

வகுப்பு நடக்கும் நாளில் போங்கள். ஆய்வகத்தில் ஒரு கணினிக்கு எத்தனை பேர், மாணவர் கணினிகளில் இணையம் திறந்திருக்கிறதா, மாலையில் ஆய்வகம் எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று கேளுங்கள். எல்லாவற்றையும்விடப் பயனுள்ளது, இறுதியாண்டு மாணவர் ஒருவரிடம் அவர் செய்த தளத்தை உங்கள் கைப்பேசியில் திறந்து காட்டச் சொல்வது. முகவரியைத் தட்டியதும் தளம் திறந்தால் அங்கே வேலை நடக்கிறது. "புராஜெக்ட் சி.டி.யில் இருக்கிறது, துறையில் ஒப்படைத்துவிட்டேன்" என்பதே பலரிடமிருந்தும் வரும் பதிலானால், அந்தத் துறையில் தளங்கள் இணையத்துக்குப் போவதில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

பயண நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே ஏறத்தாழ 22 கிலோமீட்டர்தான். ஆனால் லாஸ்பேட்டையும், புதுவைப் பல்கலைக்கழகம் உள்ள காலாப்பட்டும் நகரின் வடக்கே இருப்பதால் கடலூரிலிருந்து போகிறவர்கள் புதுச்சேரிப் பேருந்து நிலையத்தில் இறங்கி இன்னொரு பேருந்து ஏற வேண்டும். பேருந்து நேரத்துக்காக மாலை ஆய்வகத்தை விட்டுவிட்டு ஓடும் மாணவருக்கு, வீட்டருகே உள்ள சுமாரான கல்லூரியே கூடப் பயனுள்ளதாக அமையலாம்.

ஐந்தாம் படி: விண்ணப்பமும் கட்டணமும்

முள்ளோடை எல்லையின் இருபுறமும் விதிகள் வேறு. பாகூர்ப் பகுதி மக்கள் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் கடலூருக்கே வந்தாலும், கல்லூரிச் சேர்க்கையில் அவர்கள் புதுச்சேரிக்காரர்கள். புதுச்சேரி அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு புதுச்சேரியின் மையச் சேர்க்கைக் குழுவான சென்டாக் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு வசிப்பிடச் சான்று இன்றியமையாதது. தமிழ்நாட்டு அரசு கலைக் கல்லூரிகளுக்கு டி.என்.ஜி.ஏ.எஸ்.ஏ. என்ற இணையவழிச் சேர்க்கைத் தளத்திலும், பொறியியலுக்கு டி.என்.இ.ஏ. கலந்தாய்வுக்கும் விண்ணப்பிக்க வேண்டும். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றைத் தேர்வு முடிவு வருமுன்பே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கி வையுங்கள்; முடிவு வந்த பிறகு அங்கே கூட்டம் அலைமோதும்.

தமிழ்நாட்டில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் உயர்கல்வி முடியும் வரை மாதம் 1000 ரூபாய் வழங்கும் ஏற்பாடு உண்டு. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் இது விரிவாக்கப்பட்டது. டொமைன் என்ற தள முகவரிக்கான கட்டணத்துக்கும் இணையச் செலவுக்கும் இதுவே போதும். பொறியியல் கலந்தாய்வில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடும் இருக்கிறது.

ஆறாம் படி: சேர்ந்த பிறகு செய்ய வேண்டியவை

வகுப்பில் நடப்பதை மட்டும் நம்பியிருந்தால் பட்டம் கிடைக்கும், வேலை தெரியாது. முதலாண்டிலேயே ஒரு சிறு தளத்தைத் தொடங்கி, படிப்பு முடியும் வரை அதையே வளர்த்துக்கொண்டு போங்கள். பண்ருட்டியில் முந்திரி விற்கும் உறவினர், கடலூர் துறைமுகத்தில் மீன் வியாபாரம் செய்யும் பக்கத்து வீட்டுக்காரர், புதுச்சேரியில் விருந்தினர் இல்லம் நடத்துபவர் என்று உண்மையான ஒருவருக்காக அதைச் செய்யுங்கள். முதல் இரண்டு செமஸ்டர்களில் எச்.டி.எம்.எல்.லும் சி.எஸ்.எஸ்.ஸும் மட்டும் போதும். ஆயத்த வார்ப்புருக்களைத் தொடாமல் கையாலேயே எழுதுங்கள். பின்பு ஜாவாஸ்கிரிப்டால் விலைப்பட்டியலுக்கு உயிர் கொடுங்கள். தரவுத்தளத் தாள் வரும் செமஸ்டரில் ஆர்டர்களைச் சேமிக்கும் பகுதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தொடக்கம் முதலே எல்லா மாற்றங்களையும் கிட்டில் பதிவு செய்து, கிட்ஹப் பேஜஸ் என்ற சேவையில் இலவசமாக ஏற்றி வைக்கலாம். சர்வர் தேவைப்படும் கட்டம் வரும்போது மட்டும் வேறிடம் தேடினால் போதும்.

நம் பகுதியில் தளம் செய்பவருக்குத் தமிழ் உரையைக் கையாளத் தெரிந்திருக்க வேண்டும். கல்லூரிப் பாடத்திட்டங்கள் பெரும்பாலும் பேசாத பகுதி இது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். முகவரிப் படிவம் ஒன்றில் ஊர்ப்பெயருக்கு அதிகபட்சம் 12 எழுத்து என்று எல்லை வைக்கிறீர்கள் என்று கொள்வோம். தேவனாம்பட்டினம் என்பது நம் கணக்கில் 9 எழுத்து. ஆனால் கணினி எழுத்துகளுக்கான யூனிகோட் தரத்தில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளிகளும் தனித்தனிக் குறியீடுகளாகச் சேர்வதால் ஜாவாஸ்கிரிப்ட் அதை 15 என்று எண்ணும், அதைச் சேமிக்கும் யு.டி.எஃப். 8 வடிவில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட்டு வீதம் 45 பைட்டு இடம் பிடிக்கும். உங்கள் படிவம் அந்தப் பெயரை "தேவனாம்பட்டி" என்ற அளவில் வெட்டிவிடும்; பயனர் தட்டுவது ஏன் நின்றுபோனது என்று அவருக்கும் புரியாது, உங்களுக்கும் புரியாது. மனிதர் எண்ணுவதுபோல் எண்ண வேண்டுமானால் இன்றைய உலாவிகளில் உள்ள செக்மென்டர் என்ற வசதியைப் பயன்படுத்தலாம். தரவுத்தளத்தில் லத்தீன் எழுத்துத் தொகுதியை இயல்புநிலையாக விட்டுவிட்டால் தமிழ்ப் பெயர்கள் வரிசையாகக் கேள்விக்குறிகளாக மாறி நிற்கும், மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில் யு.டி.எஃப். 8 எம்.பி. 4 என்பதைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

தோற்றத்திலும் கவனம் வேண்டும். ஆங்கிலத்துக்கென்று வைத்த வரி இடைவெளியில் தமிழ்த் தலைப்பு இரண்டு வரியாக மடிந்தால், மேல்வரியின் கீழ்க்கொம்பும் கீழ்வரியின் மேற்சுழியும் மோதிக்கொள்ளும், 1.5 அளவிலிருந்து தொடங்கிச் சரிபாருங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, ஆகவே பொத்தான்களின் அகலத்தைப் பிக்சலில் கட்டிப்போடாதீர்கள். புதுச்சேரித் தளங்களில் தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு மூன்றும் ஒரே பக்கத்தில் வருவது சாதாரணம். ஒவ்வொரு பகுதிக்கும் அதன் மொழியைக் குறிக்கும் லாங் பண்பைக் கொடுத்தால்தான் பார்வையற்றோர் பயன்படுத்தும் திரை வாசிப்பான் எந்த மொழியின் குரலில் படிப்பது என்று அறிந்துகொள்ளும். வெளிர் சாம்பல் எழுத்து அழகாக இருக்கலாம். ஆனால் அணுகுதல் வழிகாட்டு நெறிகள் சாதாரண உரைக்குக் குறைந்தது 4.5க்கு 1 என்ற நிற வேறுபாட்டைக் கேட்கின்றன. வெள்ளைப் பின்னணியில் சி.எஸ்.எஸ்.ஸில் 777 என்று குறிக்கப்படும் சாம்பல் நிறம் 4.48 அளவில் நின்று, மயிரிழையில் தோற்றுவிடும்.

வாடிக்கையாளரின் பெயரையும் கைப்பேசி எண்ணையும் வாங்கும் தளமானால் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பற்றியும் படியுங்கள். தேவையில்லாத தகவலைக் கேட்காமல் இருப்பதே அதன் எளிய முதல் பாடம்.

ஏழாம் படி: கல்லூரிக்கு வெளியே கிடைப்பவை

ஐ.ஐ.டி. பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்களில் பல தமிழ்க் குரலில் உள்ளன. ஆங்கிலவழிப் பாடம் கடினமாக இருக்கும் முதலாண்டு மாணவர்களுக்கு இதையே முதலில் சொல்வேன். மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் வரும், ஐ.ஐ.டி.களின் என்.பி.டி.இ.எல். பாடங்களை இலவசமாகப் படிக்கலாம், கட்டணம் செலுத்தித் தேர்வெழுதினால் சான்றிதழ் கிடைக்கும்; உங்கள் பல்கலைக்கழகம் ஏற்றால் அதைக் கிரெடிட்டாகவும் மாற்றிக்கொள்ளலாம். மத்திய அரசின் மின்னணு, தகவல் தொழில்நுட்ப நிறுவனமான நைலிட்டின் ஓ லெவல் என்ற அடிப்படைப் படிப்பில் வலைத்தள வடிவமைப்பும் வெளியீடும் ஒரு முழுத் தாளாகவே இருக்கிறது. பட்டத்தோடு சேர்த்து இன்னொரு தீவிரமான படிப்பைத் தாங்க முடிந்தவர்கள் ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2020இல் தொடங்கிய இணையவழி பி.எஸ். படிப்பைப் பார்க்கலாம், அதன் நிரலாக்க டிப்ளமோவில் வலைச் செயலி உருவாக்கத்துக்கு இரண்டு பாடங்கள் உள்ளன.

தனியார் பயிற்சி மையங்களைப் பொறுத்தவரை, "நூறு விழுக்காடு வேலை" என்று எழுதியிருக்கும் இடத்தில் முழுக் கட்டணத்தையும் முன்கூட்டிக் கட்டாதீர்கள். ஒரு வகுப்பில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள், மறுத்தால் வந்துவிடுங்கள்.

எட்டாம் படி: இன்டர்ன்ஷிப், மேற்படிப்பு, முதல் வேலை

சான்றிதழுக்காக மாணவரிடமே பணம் வாங்கும் இன்டர்ன்ஷிப்புகளால் ஒரு பயனும் இல்லை. இரண்டு பேர் மட்டும் வேலை செய்யும் சிறிய அலுவலகமாக இருந்தாலும், உண்மையான வாடிக்கையாளரின் திருத்தங்களை உங்கள் கையில் கொடுக்கும் இடமே உகந்தது. தமிழ்நாட்டு மாணவர்களுக்கு 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் வழியாகக் கல்லூரியிலேயே திறன் பயிற்சிகள் கிடைக்கின்றன. அவற்றை வருகைப் பதிவுக்காக மட்டும் உட்கார்ந்து கடத்திவிடாதீர்கள். மேற்படிப்பாக எம்.சி.ஏ. இப்போது இரண்டே ஆண்டு. தமிழ்நாட்டில் அதற்கு டான்செட் தேர்வும், காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகத்தின் முதுநிலைப் படிப்புகளுக்கு கியூட் முதுநிலைத் தேர்வும் எழுத வேண்டும்.

நேர்காணலில் மதிப்பெண் பட்டியலைவிட அந்த ஒற்றைத் தளம் அதிகம் பேசும். அதை எப்படிக் கட்டினீர்கள், எது உடைந்தது, எப்படிச் சரிசெய்தீர்கள் என்பதற்குக் கிட் பதிவுகளே சாட்சி. படிப்பு முடிந்து அந்தத் தளத்தை உரியவரிடம் ஒப்படைக்கும்போது, டொமைனை அவர் பெயரிலும் அவருடைய மின்னஞ்சலிலுமே பதிவு செய்து கொடுங்கள். புதுப்பிக்கும் தேதியையும், கடவுச்சொற்களை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதையும் தமிழில் ஒரு தாளில் எழுதி, விலைப்பட்டியலை அவரே மாற்றத் தெரியும் வரை கூட இருந்து சொல்லிக்கொடுங்கள்.